கொல்லிமலையில் பிறந்த டாக்டரும் ஆறாத கால் புண்ணும்

வீட்டுல தாத்தாவுக்கு உள்ளங்காலில் ஒரு புண். மாசக்கணக்கா டிரெஸ்ஸிங் பண்ணியும் ஆறலை. "சுகர் உடம்பு, அப்படித்தான்"னு சொல்லிட்டு விட்டுடுவோம். 1940-களில் தொழுநோயாளிகளுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான் கிடைச்சது: நோய் சதையைத் தின்னுது, அதான் ஆறலைன்னு. அந்தப் பதிலை ஏத்துக்காத ஒருத்தரைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில், மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் சர்ஜரி படிச்சுட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் திணறினார். பக்கத்தில் இருந்த நோயாளிப் பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துட்டான். கீழே ரத்தம் சொட்டுது. விரலில் எலும்பு தெரியுற அளவுக்கு வெட்டு, பையனுக்கு அது தெரியவே இல்லை! சிலருக்கு ராத்திரியில் விரல் குறைந்துபோன மர்மமும் இப்படித்தான் விலகியது. தூங்கும்போது எலி கடித்திருக்கிறது; வலி இல்லாததால் யாரும் விழிக்கவில்லை. அப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தாங்க. எனக்குப் பிடிச்ச மருத்துவத் தீர்வுகளில் இதுவும் ஒண்ணு.

சதையில் குறை இல்லை, வலிதான் இல்லைன்னு அவருக்குப் புரிந்தது. செருப்புக்குள் கல் கிடந்தால் நாம் நொண்டுவோம், காலை மாற்றி வைப்போம். நரம்பு மரத்துப்போனவர் அதே இடத்தை ஆயிரம் தடவை மிதிப்பார். அப்புறம் எந்த மருந்து போட்டு என்ன பயன்? அதனால் அவர் காலுக்கு மாவுக்கட்டு போட்டார். உடம்பு எடை பாதம் முழுக்கப் பரவ, புண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. கட்டைப் பிரிக்கும்போது நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் உள்ளே புண் சிவந்து ஆறிக்கொண்டிருக்கும்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் கால்களிலும் அதே கதையைப் பார்த்தார்; அதே கட்டு அங்கேயும் பலன் கொடுத்தது.

ஆனா எழுபது வயசுக்காரர் விஷயம் இவ்வளவு நேர்கோடு இல்லை. சுகரோடு ரத்தக்குழாய் அடைப்பும் இருக்கலாம். ரத்தமே சரியாக இறங்காத காலில் இந்தக் கட்டு போட்டால் ஆபத்து, முதலில் ஓட்டத்தைச் சரிசெய்யணும். புண்ணில் கடுமையான சீழ் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். கிட்னி பழுதானவருக்குப் புண் மெதுவாகத்தான் ஆறும். கண் மங்கியவர் தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. கனமான கட்டோடு பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பு உடைந்தால், கால் புண்ணே தேவலைன்னு ஆகிடும். அதனால் டிரெஸ்ஸிங் மாற்றும் நர்ஸ் மட்டும் போதாது. சுகர் டாக்டர், ரத்தக்குழாய் சர்ஜன், வீட்டில் கூட இருப்பவர்னு எல்லாரும் ஒரே காலைப் பார்க்கணும்.

புண் ஆறினவங்களுக்காக வேலூரில் உருவான மெத்துமெத்து ரப்பர் செருப்பு, எம்.சி.ஆர். செருப்புன்னு இன்னைக்கும் கிடைக்குது. நம்ம பெரியவங்க அதை ஒழுங்கா வாங்குவாங்க, ஒழுங்கா வாசப்படியிலேயே கழட்டிட்டும் வந்துடுவாங்க. வெளியே போகாத ஒருத்தர் ஒரு நாளில் நடக்கிற நடை எல்லாம் வீட்டுக்குள்ளதான்.