இரண்டாம் முறை கேட்டல்: நண்பர்வழிப் பரிந்துரையும் எம்.டி.ராமநாதன் ஒலிநாடாக்களும்

ஒரு பாட்டு பலருக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஒரு வகை. நம்மை அறிந்த ஒருவர் ‘இதைக் கேளுங்கள்’ என்று சொல்வது வேறு வகை. இரண்டையும் ‘சமூகத் தாக்கம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்துவிடுவது எளிது. முதல் வகை ஒரு பாட்டை எடுத்துக் கேட்க வைக்கிறது. இரண்டாம் வகைக்கு, பிடிக்காமல் போன பாட்டை மறுபடி கேட்க வைக்கும் வலிமை உண்டு. பழகாத இசை ஒருவரின் ரசனைக்குள் இடம்பிடிப்பது இந்த மறு கேட்டலில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் வகையைப் பற்றி நமக்குத் தெளிவான சான்று உண்டு. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பதினான்காயிரத்துக்கும் அதிகமானோர் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்டனர். முன்பு கேட்டவர்கள் எத்தனை முறை பதிவிறக்கினர் என்ற எண்ணிக்கை சிலருக்குக் காட்டப்பட்டது. எண்ணிக்கை தெரிந்த இடங்களில் வெற்றி சில பாடல்களிடமே குவிந்தது. எந்தப் பாடல் வெல்லும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. மிக முக்கியமான ஆய்வுதான். ஆனால் அங்கே ஒருவரை ஒருவர் அறியார். எண்ணிக்கையைப் பார்த்துப் பாட்டைத் தொட்டவர், அது பிடிக்காவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதனின் (1923–1984) இசை இதற்கு நேரெதிரான சோதனைக்களம். டைகர் வரதாச்சாரியாரின் மாணவர்; கலாக்ஷேத்திராவில் நெடுங்காலம் ஆசிரியர். மிகத் தாழ்ந்த சுருதி, நகர்கிறதா என்று ஐயுறவைக்கும் விளம்ப காலம், சொற்களுக்கு நடுவே நீளும் மௌனம். விறுவிறுப்பான கச்சேரிக்குப் பழகிய காதுக்கு முதல் அரைமணி நேரம் சிரமந்தான். 1974-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கடைசிவரை கிடைக்கவில்லை. சுமார் மூன்று நிமிடமே ஓடும் பழைய இசைத்தட்டு வடிவம் இத்தகைய பாட்டுக்கு ஏற்றதே அல்ல. நீள்இசைத்தட்டிலும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம். அவருடைய முழு விரிவையும் காத்துவைத்தவை ரசிகர்கள் கச்சேரிகளில் ஒலிநாடாவில் எடுத்த தனிப்பதிவுகளே. அவர் மறைவுக்குப் பின் அவருக்கென்று ஒரு தீவிர ரசிகர் வட்டம் பெருகியதில் இந்த நாடாக்களின் பங்கு மிகப் பெரிது என்று நான் கருதுகிறேன்.

அந்த நாடா கைமாறிய விதத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்பூல் டேப்பில் 7 அங்குலச் சுருள், 1200 அடி நாடா, விநாடிக்கு 3¾ அங்குல வேகம். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். வீட்டுக் கருவியில் பிரதி எடுப்பவர் மூன்று மணி நேரக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் செலவிட்டாக வேண்டும். பக்கம் தீர்ந்ததும் சுருளைத் திருப்ப அருகில் இருக்க வேண்டும். பிறகு கேசட் வந்தபோதும் பிரதியின் பிரதியில் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. ‘சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கங்க, ரெண்டாவது பக்கத்துல சஹானா ராகம் வருது’ என்ற முன்னறிவிப்போடு ஒருவர் நாடாவைக் கையில் கொடுக்கும்போது, அவர் செலவிட்ட நேரமும் அதோடு வந்து சேர்கிறது. வாங்கியவர் ஒருமுறை கேட்டுவிட்டு ‘எனக்குச் சரிப்படவில்லை’ என்று திருப்பித் தருவது எளிதல்ல. கொடுத்தவரின் காதுமேல் நம்பிக்கை இருப்பதால், குறை தன் கேட்டலில் இருக்கலாம் என்று தோன்றும். மறுபடி போட்டுப் பார்ப்பார். இன்று ஒரு தட்டில் அனுப்பப்படும் வாட்ஸ்அப் இணைப்பிலும் அன்பு உண்டு. ஆனால் அனுப்பியவர் தானே முழுதும் கேட்டார் என்பதற்கு அதில் அடையாளம் ஏதுமில்லை.

சமூகவியலாளர் கிரானோவெட்டர் 1973-இல் காட்டியபடி, புதிய செய்திகள் நெருங்கிய நண்பர்களைவிடத் தூரத்து அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகின்றன. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். இசையில் இதை ஏற்கலாம், பாதியளவுக்கு. பாடகரின் பெயரை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லக்கூடும். பெயர் தெரிந்தபின் அந்த இசையோடு தங்கியிருக்கும் பொறுமையை, நம் ரசனையின் எல்லைகளை அறிந்த ஒருவரே தர முடியும். ‘உங்களுக்கு ராம்நாட் கிருஷ்ணன் பாட்டு பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும், நாலு தடவை கேட்ட பிறகு’ என்று சொல்ல அவரால்தான் இயலும்.

இந்த வழிக்கு ஒரு கடுமையான குறை உண்டு. அதை மழுப்பக் கூடாது. ஸ்பூல் கருவி விலையுயர்ந்தது. அதை வைத்திருந்த வீடுகளும், கச்சேரியில் அதை வைத்துப் பதிவுசெய்ய இடம் பெற்றவர்களும், நாடா வாங்கப் படியேற முடிந்தவர்களும் பெரும்பாலும் ஒரே சமூக வட்டத்தினர். நட்பின் வழியே பரவியது, நட்பு எட்டாத வாசல்களை எட்டவில்லை. கோயில் திருவிழாவில் விடியவிடிய வாசித்த நாகஸ்வரக்காரர்களில் எத்தனை பேருக்கு இப்படியொரு பதிவாளர் அமைந்தார்? இன்று தனிப்பதிவுகளை ஆதாரமாக வைத்து இசை வரலாறு எழுதுவோர், ஒரு கலைஞரின் நாடாக்கள் மிகுந்திருப்பதை அவருடைய கலையின் அளவுகோலாக மட்டும் கொண்டால் தவறிவிடுவார்கள். அந்த நாடா எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதையும் அவர்கள் பதிவுசெய்ய வேண்டும்.