விரிசல் விட்ட தட்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சண்டை நடந்தது. அடிதடி ஒன்றுமில்லை. என் பேரனும் அவன் சிநேகிதர்கள் நாலு பேரும் ஒரு கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு சங்கீதத்தைப் பற்றி வாதாடினார்கள். சினிமாவுக்காக அல்லாமல், தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பாடி, தாங்களே வெளியிடும் கோஷ்டிகள் இப்போது நிறைய இருக்கின்றனவாம். வாரம் ஒரு புதுத் தொகுப்பு வருகிறது. "இதைக் கேள்" என்கிறான் ஒருவன். "இதையெல்லாம் கேட்கிறவனோடு சிநேகிதமே கூடாது" என்கிறான் இன்னொருவன்.

பேச்சு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கோஷ்டியிடம் வந்தபோது குரல்கள் உயர்ந்தன. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் தடவையாக மேடையேறியவர்கள் அவர்கள். கானாவும் பறையும் மேல்நாட்டு வாத்தியங்களும் சேர்ந்த பாட்டு. "அவர்களை மேடையில் பார்க்காதவனுக்குப் பேச யோக்கியதை கிடையாது. பதிவிலே பாதிகூட இல்லை" என்றான் ஒரு பையன். "நான் பதிவைத்தான் கேட்டேன். எனக்கு அது போதும்" என்றான் என் பேரன்.

நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். இதே சண்டையை இதே ஊரில் அறுபது வருஷங்களுக்கு முன் நான் கேட்டிருக்கிறேன். வார்த்தைகள்கூட அதிகம் மாறவில்லை.

அப்போது செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்திருக்கவில்லை. அந்தச் சம்பவம் 2021-ல்தான் நடந்தது. ஏரி, ஏரிக்குக் கீழே நெல், நடுவில் கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான் ஊர். என் மாமாவிடம் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. ஞாயிறு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் ஆறு, ஏழு பேர் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு தட்டுக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். கொண்டுவந்த தட்டுக்கு வக்காலத்து வாங்குவதும் அவரவர் பொறுப்பு.

தட்டுகள் எங்கிருந்து வந்தன? மூர் மார்க்கெட்டிலிருந்து. தாம்பரம் வரை சைக்கிள், அங்கிருந்து 1931 முதல் ஓடிக்கொண்டிருந்த மின்சார ரயிலில் பூங்கா ஸ்டேஷன், பிறகு நடை. பழைய புஸ்தகக் கடைகளுக்கு நடுவே தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனபோது எத்தனை பேருடைய ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்து எரிந்தன என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

எங்கள் திண்ணைக்குச் சரித்திர ஆசிரியர் ஒருவர் வேண்டியிருக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு நண்பர் அந்தப் பதவியைத் தாமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். 1902-ல் கெய்ஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்து கோஹர் ஜானைப் பதிவு செய்த கதையை மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். விளம்பர ஆசையினால் அல்ல. மெழுகில் பதிந்த ஒலி கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாகித் திரும்ப வேண்டும். பாடியது யார் என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டாமா? 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. தட்டுக்கு வேண்டிய அரக்கோ நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் உண்டாக்குவது. அது சீமைக்குப் போய்ச் சங்கீதமாகத் திரும்பி வந்தது என்று நண்பர் சொல்லும்போது, ஏதோ சொந்தச் சொத்துப் பறிபோனது போல இருக்கும்.

தென்னாட்டில் முதலில் துணிந்து அந்தக் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் பெண்கள் அதிகம். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி போன்றவர்கள். பெரிய வித்துவான்கள் பலர் தயங்கினார்கள். நாலு மணி நேரம் கச்சேரி செய்கிறவரை மூன்று நிமிஷத்தில் முடிக்கச் சொன்னால் என்ன செய்வார்? மேலும், காசு கொடுத்தவன் எந்த இடத்தில், எந்த வேளையில் வைத்துக் கேட்பான் என்பது யாருக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையாக ஆட்டமும் பாட்டுமே ஜீவனமாக இருந்த குடும்பத்துப் பெண்களுக்கு அந்தத் தயக்கத்தை வைத்துக்கொள்ள வசதி இல்லை என்பது என் அபிப்பிராயம். மைக் வராத காலம். 1925-ம் வருஷத்துக்குப் பிறகுதான் மின்சாரப் பதிவு. அதற்கு முன் குழாய்க்குள் தலையை நீட்டிக் கத்தத்தான் வேண்டும். அப்படிப் பாடியும் அதில் சங்கீதம் இருந்தது. 1912-ல் இங்கே வந்த மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர், பிரசித்தி பெற்ற ராவெலின் சீடர், கோயமுத்தூர் தாயியின் பாட்டில் சொக்கிப் போனார். ஊருக்குத் திரும்பும்போது இந்தியத் தட்டுகளையும் எடுத்துப்போனார். அவருடைய 'நான்கு ஹிந்துக் கவிதைகள்' என்ற இசைப் படைப்பில் அவற்றின் சாயல் இருக்கிறது. பாரிஸ்காரர்களுக்குச் சிபாரிசு செய்ய ஓர் ஆள் இருந்தார். நமக்கு மூர் மார்க்கெட் இருந்தது.

எங்களுக்குள் கட்சிகள் உண்டு. நாய் படம் போட்ட தட்டுத்தான் தட்டு என்பது ஒரு கட்சி. சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ஓடியன் தட்டுகளை விட்டுக்கொடுக்காதது மற்றொரு கட்சி. பிற்காலத்தில் சினிமாவில் பெயர் பெற்ற ஏ.வி. மெய்யப்பன் தொடங்கியது இந்தத் தட்டு வியாபாரத்தில்தான். கிட்டப்பாவின் தட்டு சுழலும்போது மட்டும் கட்சி கிடையாது. 1933-ல், முப்பது வயதுகூட நிரம்பாமல் போய்விட்ட மனிதர் அவர். அவர் பேசும் படத்தில் நடிக்கவும் இல்லை. தட்டை விட்டால் அந்தக் குரலுக்கு வேறு கதி ஏது? சினிமாப் பாட்டுக் கட்சியும் ஒன்று இருந்தது. 1952-ல் மந்திரி கேஸ்கர் அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியபோது இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தவர்கள் அவர்கள். அவர்களைத் திண்ணையின் கீழ்ப்படியில்தான் உட்கார வைப்போம்.

இத்தனை பேரிலும் தட்டே கொண்டுவராதவர் ஒருவர்: கணக்கு வாத்தியார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டை வைத்து நாங்கள் உருகும்போது, "அவர் கோயில் வாசலில் ராத்திரி முழுக்க வாசித்த தோடியை ஸ்டாம்பு அளவுக்குக் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதை நக்கி ஒட்டிக்கொள்கிறீர்கள்" என்பார். பிறகு ஏன் வாராவாரம் வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் வராமல் இருந்துவிடுவாரோ என்று பயம்.

1967-ல் மூர் மார்க்கெட்டில் எனக்கு வீணை தனம்மாளின் தட்டு ஒன்று கிடைத்தது. 1932-ல் கொலம்பியா கம்பெனி எடுத்தவற்றில் ஒன்று. அப்போது அந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கண் பார்வை போயிருந்தது. ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பதைக் கேட்கச் சங்கீதம் தெரிந்தவர்கள் போய் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கை தட்டக் கூடாது, பேசக் கூடாது. வீணையின் சத்தமே மெல்லியது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு விட்டால்கூடக் கெட்டுவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவரைத் தட்டில் பிடித்திருக்கிறார்கள் என்றால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேரே வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"வேண்டாம், தம்பி."

"கேட்காமலே வேண்டாம் என்கிறீர்களே, சார்?"

அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. படிக்கிற காலத்தில் ஜார்ஜ் டவுனில் தங்கியிருந்தபோது, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, யாரோ பெரியவர் பின்னால் ஒட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். "முப்பத்தைந்து வருஷமாக அதைக் காதிலே வைத்திருக்கிறேன். உன் தட்டைக் கேட்டால் தட்டுத்தான் மிஞ்சும். அன்றைக்குக் கேட்டது எது, இன்றைக்குக் கேட்டது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது" என்றார்.

இருபத்திரண்டு வயதில் எனக்கு இது பிடிவாதமாகத் தோன்றியது. அவருக்குக் கேட்க வைத்தே தீருவது என்று சபதம் செய்தேன். தட்டைச் சைக்கிள் காரியரில் வைத்து, நழுவக் கூடாதே என்று கயிற்றை இறுக்கிக் கட்டினேன். கல் ரோடு. மாமா வீட்டில் பிரித்துப் பார்த்தபோது ஓரத்திலிருந்து நடுவரை ஒரு விரிசல். குற்றம் முழுக்க என்னுடையது. கயிற்றின் மேல் பழிபோட்டுப் பார்த்தேன், யாரும் ஏற்கவில்லை.

தட்டு இரண்டாகவில்லை என்பதால் மாமா புது ஊசி மாற்றி வைத்தார். ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்'. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு 'டக்'. அவற்றுக்கு நடுவே, தூரத்தில் எங்கோ வீணை. வாத்தியார் எழுந்து போகவில்லை. கண்ணையும் மூடவில்லை. இரண்டு பக்கமும் முடிந்த பிறகு ரயில்வே நண்பர்தான் பொறுக்க மாட்டாமல், "எப்படி, சார்?" என்றார்.

"அந்த 'டக்' இருக்கிறதே, அது நல்லது" என்றார் வாத்தியார். "தட்டு, தட்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது."

அடுத்த ஞாயிறும் வந்தார். யாருடைய தட்டு முறை என்று பேச்சு வந்தபோது, என் பக்கம் பாராமலே, "அந்த உடைந்த தட்டை வேண்டுமானால் வையுங்கள்" என்றார்.

இந்தக் கதையைப் பையன்களிடம் சொன்னேன். என் பேரன் ஒரு நிமிஷத்தில் தனம்மாளின் பதிவு ஒன்றைக் கைபேசியில் தேடி எடுத்துவிட்டான். என்னிடம் இருந்த அதே தட்டுத்தான். எவரோ நல்ல பிரதியிலிருந்து எடுத்து ஏற்றியிருக்கிறார். வீணை பக்கத்தில் கேட்டது. நான் ஒவ்வொரு சுற்றிலும் அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை.

மேடையில் பார்த்தால்தான் ஆச்சு என்று சொன்ன பையன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "தாத்தா, இவங்களோடது வேற ஏதாவது இருக்கா?" என்றான்.

அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.