ஊசியும் ஸ்டெப்னியும்

திருச்சியிலிருந்து கன்னியாகுமரிக்கு அம்மாவையும் சித்தியையும் அழைத்துப் போவதற்கு இரண்டு நாள் முன்பு காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "சார் வரலையாம்மா?" என்றார் மெக்கானிக். பிரேக் பேட் தேய்ந்திருந்ததை என்னிடம் சொல்லவில்லை. தம்பியின் எண்ணை வாங்கி அவனிடம் சொன்னார். தம்பிக்குக் கார் ஓட்டவே தெரியாது.

வண்டியைப் பயணத்துக்குத் தயார் செய்வது ஆண்களின் காரியம் என்று யார் முடிவு செய்தார்கள்? காரின் வரலாறு அப்படித் தொடங்கவில்லை.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், பெர்தா பென்ஸ் கிளம்பினார். மூன்று சக்கர மோட்டார் வண்டி, துணைக்கு இரண்டு மகன்கள். போக வேண்டியது 100 கிலோமீட்டருக்கும் அப்பால், பிஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு. அதற்கு முன் யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்க விற்ற லிக்ராயினை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. ஊர் திரும்பியதும், மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்றார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஊசியை மட்டும் மறப்பதேயில்லை. எனக்கு அந்த ஊசிமேல் கொஞ்சம் கோபம் உண்டு. சமயோசிதம் என்று பாராட்டி முடித்துவிடுகிறார்கள். எஞ்சின் நின்றால் எந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததே, அதை யார் பேசுகிறார்கள்? திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கார்லின் தொழிலில் போட்டவர் அவர். 1886இல் பதிவான காப்புரிமையில் அவர் பெயர் இல்லை.

1909இல் அமெரிக்காவில் ஆலிஸ் ராம்ஸிக்கு வயது 22. இன்னும் மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். நால்வரில் அவருக்கு மட்டுமே ஓட்டத் தெரியும். செலவை, விளம்பரத்துக்காக, மேக்ஸ்வெல் கார் நிறுவனம் ஏற்றது. எரிபொருள் நிரப்பும் இடங்கள் அரிது என்பதால் பெரிய டேங்க் பொருத்திக்கொண்டார்கள். வழியெல்லாம் பெரும்பாலும் மண்சாலை. ரேடியேட்டர் வறண்டபோது, அலங்காரப் பெட்டியில் இருந்த பல்துலக்கிக் குப்பிகளில் சாலையோரப் பள்ளத்துத் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார்கள். 59 நாள். 11 முறை டயர் மாற்றினார் ஆலிஸ். பெண்கள் தேவையில்லாமல் சுமப்பதாகச் சொல்லிச் சிரிக்கிற சாமான்கள்தான் அந்தக் குப்பிகளும் என்பது நினைவிருக்கட்டும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், கழற்றிய பழைய பிரேக் பேடை வாங்கிப் பார்த்தேன். எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, காட்டித் தந்தார்.

புறப்படும் முந்தின சாயங்காலம் வாசலில் பழைய போர்வையை விரித்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்து வைத்தேன். ஒரு தடவை மாற்றிப் பார்க்காமல் கிளம்புவதாக இல்லை. எதிர்வீட்டுக்காரர் உதவட்டுமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். நான்கு நட்டு வரவில்லை. சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நகருடி" என்று ஸ்பானரின் மேல் ஏறி நின்றார். முதல் நட்டு இளகியது.