மவுஸுக்கு வந்த மவுசு

1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. அரங்கில் ஏறக்குறைய ஆயிரம் பேர். டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் மேடையில் உட்கார்ந்து, வீட்டுக்கு வாங்க வேண்டிய மளிகைப் பட்டியலைத் திரையில் தட்டிக்கொண்டிருந்தார். வரிகளை மேலும் கீழும் நகர்த்தினார், இனம் பிரித்து அடுக்கினார். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதுதான் மவுஸ்.

இதுல என்ன அதிசயம்னு இன்று தோன்றலாம். அட்டையில் துளைபோட்டு கணினி அறையில் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் அன்று பெரும்பாலோரின் வழக்கம். சொன்ன மாத்திரத்தில் திரையில் எழுத்து நகர்வதே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் அதைவிடப் பெரியது பிறகு வந்தது. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மென்லோ பார்க்கில் இருந்த பில் பாக்ஸ்டனின் முகம் திரையில் தோன்றியது. இருவரும் பேசிக்கொண்டே ஒரே ஆவணத்தில் வேலை பார்த்தார்கள். ஜூம், கூகுள் டாக்ஸ் என்று நாம் இன்று புழங்குவதன் வித்து அந்த 90 நிமிடங்களில் இருந்தது.

இந்த யோசனைக்கு வேர் இரண்டாம் உலகப் போரின் முடிவில் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் கடற்படை ரேடார் பணியாளராக இருந்த இளைஞர் எங்கல்பார்ட், அறிவைச் சேமித்துத் தொடுக்கும் ஒரு கற்பனை இயந்திரம் பற்றி வானவர் புஷ் எழுதிய கட்டுரையை அங்கே படித்தார். அது மனதில் தங்கிவிட்டது. 1962இல் அவரே ஓர் அறிக்கை எழுதினார். உலகத்தின் சிக்கல்கள் பெருகும் வேகத்துக்கு நம் திறமை ஈடுகொடுக்கவில்லை. ஆகவே மனித அறிவின் கைக்கு வலுவூட்டும் கருவிகள் வேண்டும் என்பது அதன் சாரம். ஒருவர் மட்டுமல்ல, ஒரு குழுவே கூடி யோசிக்க வேண்டும் என்பது அவர் கனவு.

அப்புறம் என்ன ஆச்சு? அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எழுபதுகளில் அவருடைய ஆட்கள் பலர் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். ஆளுக்கொரு கணினி என்பது அங்கே இலக்கு. 1984இல் ஆப்பிளின் மேகின்டாஷ் மவுஸை வீடுகளுக்குக் கொண்டுபோனது. காப்புரிமை அவர் வேலைபார்த்த நிறுவனத்திடம் இருந்ததால், அவருக்கு ராயல்டி என்று ஒரு காசும் வரவில்லை.

தவறு உலகத்தின் பக்கம் மட்டும் இல்லை. அவருடைய அமைப்பைப் பழகுவது கஷ்டம். ஐந்தே விசைகள் கொண்ட ஒரு கருவியில், பல விசைகளைச் சேர்த்தழுத்தி எழுத்துகளை உள்ளிட வேண்டும். மூன்று சக்கர சைக்கிளை யாரும் உடனே ஓட்டலாம், அதற்காக ஆயுசு முழுக்க அதையேவா ஓட்டுவது என்பது அவருடைய வாதம். சந்தை மூன்று சக்கரத்தைத்தான் வாங்கியது.

கைவிடப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழுவின் குறிப்புகளையும் விவாதங்களையும் சேர்த்துவைக்க 'ஜர்னல்' என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நிரந்தர எண். பதிந்த பிறகு திருத்த முடியாது. ஒரு முடிவு எப்படி வந்தது என்று பின்னால் வருகிறவர் தேடிப் படிக்கலாம். இன்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் என்ன முடிவு எடுத்தோம் என்று தேடிப் பாருங்கள். 'குட் மார்னிங்'குக்கு அடியில் எங்கேயோ புதைந்திருக்கும்.

எங்கல்பார்ட் 2013இல் மறைந்தபோது, மவுஸைக் கண்டுபிடித்தவர் என்றுதான் உலகம் எழுதியது. பொய்யில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது: பேசுவதற்கு இத்தனை வழி கிடைத்த பிறகாவது, சேர்ந்து யோசிக்கப் பழகினோமா?