லாட்டரி வாங்கியவர் யார், படித்தவர் யார்?

"தகுதிக்குத்தானே பணம் தருகிறார்கள், வருமானத்தை ஏன் பார்க்க வேண்டும்?" என்று கல்லூரிகளில் நம்மிடம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

1993இல் ஆளுநர் ஜெல் மில்லர் அங்கே 'ஹோப்' உதவித்தொகையைத் தொடங்கினார். பள்ளியில் 'பி' சராசரி எடுத்தவர்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணத்தை மாநிலமே கட்டியது. பணம் மாநில லாட்டரியிலிருந்து வந்தது. முதலில் குடும்ப வருமான வரம்பு 66,000 டாலர். மறு ஆண்டு 1,00,000 டாலர். 1995இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள்.

அத்துடன் இன்னொரு விதி. வறிய மாணவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் 'பெல்' மானியத்தை ஹோப் தொகையில் கழித்தார்கள். 2000 வரை இதுதான் நடைமுறை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முழுக் கட்டணம் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் புத்தகச் செலவுக்கான சிறு தொகைதான் மிஞ்சியது. ஆனால் தம் வருமானத்தில் பெரிய பங்கை லாட்டரிக்குக் கொடுத்தவர்கள் ஏழைகளும் கறுப்பின மக்களும்தான்.

நம் நாட்டில், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்த காலத்தில், 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. அது சலுகை அல்ல, மறுக்கப்பட்ட கல்விக்கான ஈடு. இன்று அதைப் பெற, 2.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இருக்கிறோம் என்று வருமானச் சான்றிதழ் காட்டுகிறோம்.

தோழர்களே, தேவையைப் பார்க்காத 'தகுதி' உதவித்தொகை எங்கே வந்தாலும் இரண்டு கேள்விகள் கேட்போம்: பணம் யாருடையது? அது யார் வீட்டுக்குப் போகிறது?