கதிர்வீச்சும் கட்டிக்கு எதிரான நோயெதிர்ப்பும்: அளவு, பரப்பு, காலம்

1. கேள்வியின் பிறப்பு

கதிர்வீச்சு புற்றுச் செல்லின் டிஎன்ஏவை முறிக்கிறது. முறிந்ததைச் சீர்செய்ய முடியாத செல் பிளவுபடும்போது சாகிறது. நம் ஊரில் நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் சிகிச்சைக்குப் பாடநூல்கள் நெடுங்காலம் தந்த விளக்கம் இவ்வளவுதான். நோயாளியின் எதிர்ப்பாற்றலுக்கு அதில் வேலை எதுவும் இல்லை. கதிர் பட்டால் வெள்ளணுக்கள் குறையும் என்ற எச்சரிக்கையோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

1979இல் ஸ்டோன், பீட்டர்ஸ், மிலாஸ் ஆகியோர் வெளியிட்ட சுண்டெலிச் சோதனை இந்த விளக்கத்தை அசைத்தது. நார்த்திசுப் புற்று வளர்க்கப்பட்ட இயல்பான எலிகளில் பாதிக் கட்டிகளை ஒழிக்க 30 கிரே போதுமானதாக இருந்தது. டி செல்கள் இல்லாமல் செய்யப்பட்ட எலிகளில் அதே பலனைப் பெற 64.5 கிரே வேண்டியிருந்தது. (திசுவின் ஒரு கிலோ எடை ஏற்கும் ஒரு ஜூல் ஆற்றலே ஒரு கிரே.) கட்டியும் கதிரும் இரு தரப்பிலும் ஒன்றே, வேறுபாடு எலியில் இருந்தது. அப்படியானால் கதிர்வீச்சின் வெற்றி என்று நாம் எழுதிவைத்த கணக்கில் ஒரு பங்கு டி செல்களுடையது.

இந்த முடிவு இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்தது. மாறாக, 1953இல் மோல் பெயரிட்ட ‘அப்ஸ்கோபல்’ விளைவு புகழ் பெற்றது. ஓரிடத்துக் கட்டிக்குக் கதிர் கொடுத்தால் கதிரே படாத வேறிடத்துக் கட்டியும் சுருங்குவதை அது குறிக்கும். வியப்பூட்டும் நிகழ்வுதான்; ஆனால் மிக அரிது. கதிர்வீச்சை மட்டும் பெற்ற நோயாளிகளில் 1969 முதல் 2014 வரை பதிவானவை 46 என்று ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. உலகெங்கும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் பெறும் சிகிச்சையில் இது எண்ணிக்கையே அல்ல. இந்த அரிய விளைவை இலக்காக்கியதால் ஆய்வுத்துறை தன் கேள்வியைக் குறுக்கிக்கொண்டது என்பது என் கருத்து. ‘எத்தனை கிரே கொடுத்தால் எதிர்ப்பாற்றல் தூண்டப்படும்’ என்று ஓயாமல் கேட்டோம். எந்தப் பரப்பில் கொடுக்கிறோம், அந்த நாள்களில் டி செல்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விகள் பின்தங்கின. இக்கட்டுரை அந்தப் பின்தங்கிய கேள்விகளைப் பற்றியது.

2. கதிர் பட்ட செல் விடுக்கும் சைகைகள்

சாகும் புற்றுச் செல் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் பட வழிகள் பல உண்டு. கால்ரெட்டிகுலின் என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. ஹெச்எம்ஜிபி1 வெளியே கசிந்து டென்ட்ரிட்டிக் செல்களை எழுப்புகிறது. செல் தன் புரதத் துணுக்குகளை எடுத்துக்காட்டும் முதல் வகை எம்ஹெச்சி மூலக்கூறுகள் கதிரளவுக்கு ஏற்ப அதிகரிக்கின்றன. இவை பல ஆய்வகங்களில் உறுதிப்பட்டவை.

மிகுதியாகப் பேசப்படுவது சிகாஸ்–ஸ்டிங் பாதை. டிஎன்ஏ கருவுக்குள் இருக்க வேண்டிய பொருள். அது சைட்டோபிளாசத்தில் தென்பட்டால் செல் அதை வைரஸின் வருகையாகக் கொண்டு முதல் வகை இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. இன்டர்ஃபெரான் டென்ட்ரிட்டிக் செல்களைத் தேர்ச்சிப்படுத்த, அவை டி செல்களைப் பயிற்றுகின்றன. கதிர்வீச்சின் எதிர்ப்பாற்றல் விளைவுக்கு ஸ்டிங் தேவை என்று 2014இல் சிகாகோ ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். 2017இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த இரு கட்டுரைகள், முறிந்த குரோமோசோம் துண்டுகள் செல்பிளவின்போது நுண்கருக்களாகப் பிரிந்து, அவற்றின் உறை கிழியும்போது சிகாஸ் அங்கே சேர்கிறது என்றன. நுண்கருவே முதன்மைத் தூண்டலா என்பதில் அண்மை ஆய்வுகள் ஐயம் எழுப்பியுள்ளன. கருவின் நியூக்ளியோசோம்கள் சிகாஸைப் பிடித்து வைத்து அடக்கிவிடுகின்றன என்பது அவற்றின் வாதம். எந்த விளக்கம் நிலைத்தாலும் ஒரு செய்தி இங்கே முக்கியம்: செல்பிளவு நடந்த பிறகே எழுவதால் இந்த அழற்சிச் சைகை சில நாள்கள் தாமதமாக வருகிறது. கதிர் கொடுத்த மறுநாளே எடுத்த மாதிரியில் ஒன்றும் இல்லை என்று எழுதும் கட்டுரைகளை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

3. எட்டு கிரே மூன்று தவணை

நியூயார்க்கில் டெமாரியா, ஃபார்மென்டி குழுவினர் 2009இல் செய்த சோதனை இத்துறையின் திருப்புமுனை. எலியின் இரு விலாக்களிலும் கட்டி வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் கதிர் கொடுத்தனர். கூடவே, டி செல்களுக்குத் தடை போடும் சிடிஎல்ஏ-4ஐ மறிக்கும் எதிர்ப்பொருள். ஒரே தவணையில் 20 கிரே, 8 கிரே வீதம் மூன்று தவணை (8×3), 6 கிரே வீதம் ஐந்து தவணை என்று ஒப்பிட்டதில், தவணைமுறைகளே மறுபக்கக் கட்டியைச் சுருக்கின. அவற்றுள் 8×3 முந்தியது. கதிர்வீச்சு மட்டும் பெற்ற எலிகளில் மறுபக்கக் கட்டி அசையவில்லை. 2017இல் அதே குழு காரணமும் தந்தது: ஒரு தவணையின் அளவு 12 முதல் 18 கிரே என்ற வாசலைத் தாண்டும்போது ட்ரெக்ஸ்1 என்ற நொதி பெருகி, சைட்டோபிளாசத்து டிஎன்ஏவைச் சிதைத்துவிடுகிறது, இன்டர்ஃபெரான் சைகையும் அதோடு அணைகிறது.

இயக்கமுறை அளவில் இது அழகான விளக்கம். ஆனால் 8×3 ஒரு மந்திர எண்ணாகி மருத்துவச் சோதனைகளுக்குள் நுழைந்ததை அப்படி ஏற்க முடியவில்லை. ட்ரெக்ஸ்1 எழும் வாசல் கட்டிக்குக் கட்டி மாறுகிறது. அதே 2009இல் வேறொரு குழு, 20 கிரே ஒரே தவணையாகக் கொடுத்த கட்டி சுருங்க சிடி8 டி செல்கள் இன்றியமையாதவை என்று காட்டியிருந்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்: ஒன்று கதிர் பட்ட கட்டியைப் பார்த்தது, மற்றொன்று படாத கட்டியைப் பார்த்தது.

4. எதிர்த் திசைச் சைகைகள்

கதிர்வீச்சு எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது என்று ஒரே வரியில் சொல்வது பாதி உண்மை. அதே கதிர் எதிர்ப்பை அடக்கும் டிஜிஎஃப்-பீட்டாவைச் செயலுக்குக் கொண்டுவருகிறது, அடக்கும் இயல்புடைய மேக்ரோபேஜ்களை இரத்தத்திலிருந்து வரவழைக்கிறது, ஒழுங்குபடுத்தும் டி செல்களின் விகிதத்தை உயர்த்துகிறது. டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், கட்டிச் செல்களின் மேல் பிடி-எல்1ஐ ஏற்றி, வந்த டி செல்களையே முடக்குகிறது. இத்தகைய முடக்கத்தை விலக்கும் தடைநீக்கி மருந்துகளைக் கதிரோடு சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் எழுந்தது.

5. பரப்பு: நிணநீர்க்கணுவும் இரத்தமும்

டி செல்களை உள்ளடக்கிய லிம்போசைட்டுகள், கதிரால் மிக எளிதில் அழியும் செல்களில் சேரும். ஆய்வகத் தட்டில் ஏறத்தாழ 2 கிரே அவற்றில் பாதியைக் கொன்றுவிடுகிறது. கட்டிக்கு 60 கிரே கொடுக்கும்போது கதிரின் பாதையில் ஓடும் இரத்தம் என்ன ஆகிறது? மூளையின் கிளையோபிளாஸ்டோமாவுக்கான வழக்கமான 30 தவணைச் சிகிச்சையை 2013இல் கணக்கிட்ட ஒரு மாதிரி விடை தந்தது. முதல் தவணையில் சுற்றோட்டச் செல்களில் 5 விழுக்காடு மட்டுமே 0.5 கிரே பெறுகிறது. முப்பதும் முடியும்போது 99 விழுக்காடு அந்த அளவையோ அதற்கு மேலோ பெற்றுவிடுகிறது. தலையில் விழுந்த கதிர், உடல் முழுக்க உள்ள லிம்போசைட்டுகளை வரிசையாகத் தொட்டுவிடுகிறது. ஆகவே தவணைகளை நீட்டுவது இயல்புத் திசுவுக்கு நல்லது, லிம்போசைட்டுக்குக் கெட்டது.

கட்டிக்குள்ளேயே குடியேறிவிட்ட டி செல்கள் வேறு மாதிரி. சிகாகோவின் அரினா, வைக்செல்பாம் குழு 2019இல் காட்டியபடி, கட்டியின் சூழலால் மாற்றமடைந்த அந்தச் செல்கள் கதிரைத் தாங்கிப் பிழைக்கின்றன, தொடர்ந்து போரிடவும் செய்கின்றன. எனவே ‘கதிர் டி செல்லைக் கொல்லும்’ என்ற பொது வாக்கியம் இடம் குறிப்பிடாமல் பொருள் தராது. இரத்தத்தில் இருப்பதும் நிணநீர்க்கணுவில் இருப்பதும் எளிதில் அழியும். கட்டியில் இருப்பது அவ்வளவு எளிதில் அழியாது.

கணுவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கட்டியின் நிணநீர் வடியும் கணுவில்தான் டென்ட்ரிட்டிக் செல் தான் கொண்டுவந்த துணுக்கை டி செல்லுக்குக் காட்டுகிறது. அங்கே நோய் தெரியாவிட்டாலும், பரவியிருக்கக்கூடும் என்ற அச்சத்தில் தலை, கழுத்து, இடுப்பு ஆகிய பகுதிப் புற்றுகளில் கணுக்களையும் கதிர்ப்புலத்தில் சேர்ப்பது வழக்கம். எலிகளில் அப்படிச் சேர்த்தபோது கட்டிக்குள் வரும் டி செல்கள் குறைந்தன, தடைநீக்கி மருந்தின் பலனும் தளர்ந்தது. பயிற்சி நடக்க வேண்டிய நாள்களில் பயிற்சிக்கூடத்தையே இடிப்பது போன்றது இது.

6. மனிதரில் கண்டவை

2012இல் நியூயார்க்கிலிருந்து வெளியான ஒரு நோயாளியின் வரலாறு பெரும் நம்பிக்கை தந்தது. இபிலிமுமாப் (இப்பகுதியில் ‘மாப்’ என்று முடியும் பெயர்கள் எல்லாம் தடைநீக்கி மருந்துகள்) பெற்றுவந்த மெலனோமா நோயாளி ஒருவருக்கு முதுகெலும்பை ஒட்டிய கட்டிக்கு மட்டும் மூன்று தவணைகளில் 28.5 கிரே கொடுத்தபின், மண்ணீரலிலும் மார்பின் கணுக்களிலும் இருந்த கட்டிகள் சுருங்கின. அதன் பின் நடந்த சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகள் அந்த உற்சாகத்தைத் தாங்கவில்லை. பரவிய தலை–கழுத்துப் புற்றில் 62 பேருக்கு நிவோலுமாபை மட்டும் ஒரு குழுவுக்கும், ஒரு கட்டிக்கு 9×3 கிரேயும் சேர்த்து மறு குழுவுக்கும் கொடுத்தபோது, கதிர் படாத கட்டிகளில் கூடுதல் பலன் தெரியவில்லை.

கால வரிசையைப் பொறுத்தவரை நுரையீரல் புற்றின் சான்று கவனத்துக்குரியது. பசிஃபிக் சோதனையில் வேதிமருந்தும் கதிரும் இணைந்த சிகிச்சை முடிந்தபின் துர்வாலுமாப் பெற்றவர்களுக்கு நோய் முற்றாத இடைக்காலம் 16.8 மாதம், பெறாதவர்களுக்கு 5.6. அதே துர்வாலுமாபைக் கதிரோடு கூடவே தொடங்கிய பசிஃபிக்-2இல் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. தலை–கழுத்துப் புற்றில் 697 பேரிடம் அவெலுமாபைக் கதிரோடு சேர்த்த ஜாவெலின் சோதனையும் தோற்றது. கணுக்களும் டி செல்களும் கதிரில் நனையும் வாரங்களில் டி செல்லை நம்பும் மருந்தைக் கொடுத்தோம் என்பதே என் வாசிப்பு.

இந்த வாசிப்புக்கு ஒரு முள் உண்டு. முற்றிய கருப்பைவாய்ப் புற்றுள்ள 1,060 பேரிடம் பெம்ப்ரோலிசுமாபைக் கதிரோடு கூடவே தொடங்கிய கீநோட்-ஏ18 வென்றது: மூன்றாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் 82.6 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 74.8. இடுப்புக் கணுக்கள் அங்கேயும் கதிர்ப்புலத்தில்தான் இருந்தன. அதே புற்றில் துர்வாலுமாபைச் சேர்த்த காலா சோதனை தோற்றது என்பதால் மருந்தின் வகையும் நோயாளித் தேர்வும் காரணமாக இருக்கலாம். வைரஸால் வரும் புற்றுக்கு டி செல்கள் முன்பே பயிற்சி பெற்றிருக்கலாம் என்றும் கருத இடமுண்டு. எப்படியானாலும் கணுவைக் காப்பதே எல்லாம் என்ற எளிய விதி இதன்முன் நிற்காது.

7. ஆய்வாளர் செய்ய வேண்டிய சோதனை

முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகள் மட்டுமே கையில் உள்ள ஓர் ஆய்வாளர் எங்கே தொடங்கலாம்? இன்னொரு கதிரளவு ஒப்பீட்டில் இறங்குவதைத் தவிர்க்கச் சொல்வேன். தோலடியில் ஊசியால் ஏற்றப்பட்டு, இரண்டே வாரத்தில் பெருக்கும் எலிக் கட்டி, மனிதரில் ஆண்டுக்கணக்காக எதிர்ப்பாற்றலோடு சமரசம் செய்து வாழ்ந்த கட்டிக்கு ஈடாகாது. உரிய உறுப்பில் தானாகத் தோன்றும் கட்டியை எடுத்து, கணுவைக் காத்தும் காக்காமலும், கணுவுக்குக் கதிரைச் சில நாள் தள்ளியும் கொடுத்து, வாரம்தோறும் கட்டி, கணு, இரத்தம் மூன்றிலும் ஒரே டி செல் குடும்பத்தை அதன் ஏற்பி வரிசையைக் கொண்டு பின்தொடர வேண்டும். அப்போதுதான் எந்தச் செல் எங்கே பிழைத்தது என்று தெரியும்.

மனிதரில் இதற்கு மிக அருகே வந்தது, நியூயார்க்கில் நடந்து 2021இல் வெளியான அறுவைக்கு முந்தைய சோதனை. தொடக்க நிலை நுரையீரல் புற்றுள்ள 60 பேரில் பாதிப்பேருக்குத் துர்வாலுமாப் மட்டும். மறுபாதிக்கு அதோடு, முதன்மைக் கட்டிக்கு மட்டும் 8×3 கிரே. வெட்டியெடுத்த கட்டியில் உயிருள்ள புற்றுச் செல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சாதவர்கள் முதல் குழுவில் 6.7 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 53.3. கதிர் கட்டியை நேரடியாகவே கொல்லும் என்பதால் இந்த இடைவெளி முழுவதையும் எதிர்ப்பாற்றலின் கணக்கில் எழுத முடியாது. கதிர் மட்டும் பெறும் மூன்றாவது குழு ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். அடுத்து வரும் சோதனையில் அதையும், கணுவைப் புலத்தில் சேர்த்த நான்காவது குழுவையும் வைத்தால், 1979இல் எலிகளில் பிரித்துக் காட்டிய பங்கை மனிதரிலும் பிரித்து அளக்கலாம்.