‘தொடரும்’ என்ற சொல் வந்த வழி

சென்ற மாதம் அக்காவைப் பார்க்க மரக்காணம் போயிருந்தேன். கண்புரை அறுவை முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வயது எண்பது. பேச்சுக்கிடையே, “ஏண்டா தம்பி, அந்த யவன ராணி கடைசியில என்னதான் ஆனா?” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வருஷத்துக் கேள்வி அது.

அப்போது அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்திகளெல்லாம் தண்ணீர். உப்பு வாரும் வேலை நின்றுவிடும். கையில் காசு இல்லாத அந்த மாதங்களிலும் ஐந்தாறு வீட்டுப் பெண்கள் சில்லறை சேர்த்து ஒரு குமுதம் வாங்குவார்கள். திண்டிவனம் பஸ்ஸில் அது வரவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அக்காதான் உரக்கப் படித்துக் காட்டுவாள். சாண்டில்யனின் ‘யவன ராணி’ புகார்க் கடற்கரையில் ஆரம்பிக்கும் கதை. சோழப் படைத்தலைவன் இளஞ்செழியன், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் யவனப் பெண்ணைக் காண்பான். எங்கள் ஊருக்கும் இது அந்நியமல்ல. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினமும், யவன மாலுமிகளின் ‘பெரிப்ளூஸ்’ நூல் சொல்லும் சோபட்மாவும் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நானோ புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த வருஷம் எனக்குப் பரிசாகக் கிடைத்தது அலெக்ஸாந்தர் துய்மாவின் ‘மோந்த் கிறிஸ்தோ பிரபு’. கல்யாணத்தன்று கைதாகிப் பதினான்கு வருஷம் தீவுச் சிறையில் கிடந்தவன் கதை. விடிய விடியப் படித்தேன். அந்த மிதப்பில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், அக்கா நூலால் தைத்து வைத்திருந்த தொடர்கதைக் கட்டைப் பார்த்து, “இதெல்லாம் குப்பை, பெண்கள் கெட்டுப்போவார்கள்” என்று அப்பாவிடம் சொன்னேன். ஒரு வரிகூட நான் படித்திருக்கவில்லை. கட்டு வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. பிறகு வீட்டில் குமுதம் நுழையவில்லை. மறு வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்: நான் தலையில் வைத்துக் கொண்டாடிய துய்மாவும் தொடர்கதைக்காரர்தான்!

1836இல் பாரிஸில் எமில் த ஜிரார்தேன் ‘லா ப்ரெஸ்’ என்ற நாளிதழைத் தொடங்கி, ஆண்டுச் சந்தாவை 80 பிராங்கிலிருந்து 40 ஆக்கினார். நஷ்டத்தை விளம்பரம் ஈடுகட்டும். ஆனால் வாசகர் நிறையச் சேர்ந்தால்தானே விளம்பரம் வரும்? அதற்குக் கதைதான் வழி. பக்கத்தின் அடிப்பகுதியில் கதை வந்தது. அந்த இடத்துக்குத் ‘தரைத்தளம்’ என்றே பெயர். முடிவில் “லா ஸூயித் ஒ ப்ரொஷேன் நுமெரோ” என்று போடுவார்கள். ‘தொடர்ச்சி அடுத்த இதழில்’ என்று அர்த்தம். 1842-43இல் எழேன் ஸ்யூவின் ‘பாரிஸ் மர்மங்கள்’ ‘ஜூர்னால் தெ தெபா’ பத்திரிகையில் வந்து ஊரையே ஆட்டிவைத்தது. அதே பத்திரிகையில் 1844 முதல் 1846 வரை வந்ததுதான் மோந்த் கிறிஸ்தோ.

இளமையில் பாரிஸில் வாழ்ந்த ரெயினால்ட்ஸ், ஸ்யூவைப் பார்த்து 1844இல் ‘லண்டன் மர்மங்கள்’ தொடங்கினார். வாரம் ஒரு பென்னி. அவருடைய கதைகளைத்தான் ஆரணி குப்புசாமி முதலியார் நம் ஊர் பெயர்களோடு தமிழாக்கினார். 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வந்திருந்தது. பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு வந்தார்கள். பள்ளிக்கூடமே போகாத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி 115 நாவல்கள் எழுதினார். 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னுக்காக மூன்றரை வருஷம் கல்கி இதழை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள்.

ஆக, பாரிஸ் காபிக்கடையில் காத்திருந்தவனுக்கும், மரக்காணம் திண்ணையில் காத்திருந்த என் அக்காவுக்கும் ஒரே தவிப்பு. காதலர் சேருவார்களா, மாட்டார்களா? ஒன்றை இலக்கியம் என்றும் இன்னொன்றைக் குப்பை என்றும் பிரித்தது என் பள்ளிக்கூடத்துக் கர்வம்.

புதுச்சேரியில் ‘யவன ராணி’ இரண்டு பாகங்களையும் வாங்கினேன். அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும்டா, படி” என்றாள். இப்போது ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் படித்துக் காட்டுகிறேன். மூன்று அத்தியாயம் முடிந்ததும், கதை நல்ல கட்டத்தில் இருக்கும்போதே, “போதும், மீதி அடுத்த வாரம்” என்று நிறுத்திவிடுகிறாள்.

முடிவு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். கடைசிப் பக்கத்தை நானும் இன்னும் புரட்டவில்லை.